உம்மாவும் நந்தா மாலினியும்



"யூடியூப்ல எல்லாப் பாட்டும் ஈக்கிதானே டீச்சர். என்னத்துக்குக் காசும் குடுத்து, இரவைக்கி பஸ் ஏறிப் போய்க் கேக்கணும்?"

போன வாரம் ஆசிரியர் ஓய்வறையில் கூட வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் உம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கலியாணம் முடித்துத்தான் கல்கிசைக்கு வந்தார். உம்மாவின் சிறு வயதில் அந்த வீட்டில் ஒரேயொரு ரேடியோ இருந்தது. முஸ்லிம் சேவையில் இஸ்லாமிய கீதங்கள், வர்த்தக சேவையில் தமிழ் சினிமாப் பாட்டு, பக்கத்து வீட்டில் சிங்களப் பாட்டு என்று மூன்றும் கலந்துதான் அவர் காதில் விழுந்தன. அதனால் உம்மாவுக்கு சுசீலாவும் ஒன்றுதான், ஜானகியும் ஒன்றுதான், ருக்மணி தேவியும் ஒன்றுதான். எல்லோரும் சொந்தக்காரப் பெண்கள் மாதிரி. யார் முகத்தையும் நேரில் பார்த்ததில்லை.

ருக்மணி தேவியை இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய இயற்பெயர் டெய்சி டேனியல்ஸ். கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி அவர்தான். நாடக மேடையில் ஆரம்பித்தவர், கடைசி வரைக்கும் மேடையை விடவில்லை. 1978 ஒக்டோபரில் மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜாஎலப் பக்கம் துடெல்லயில் நடந்த வாகன விபத்தில் இறந்துபோனார். உம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்தச் செய்தி வந்த நாளைப் பற்றி உம்மா பேசினால் கடைசியில் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "ஒரே ஊர்லதான் இருந்தம். அவவ ஒரு தரம் பார்க்கக் கிடைக்கல்ல."

ஏன் கிடைக்கவில்லை? யாரும் தடுக்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று உம்மாவுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மாமாமார் பைலா ஷோவுக்கும் படத்துக்கும் போய் வந்து கதை சொல்வார்கள். பெண்கள் கதை கேட்பார்கள்.

அதனால்தான் சில வருடங்களுக்கு முன்பு நந்தா மாலினி பாடுகிறார் என்று கேள்விப்பட்டதும் நானும் மதினியும் யோசிக்காமல் மூன்று டிக்கட் எடுத்தோம். இருந்ததில் மலிவானது, பின்வரிசை. உம்மாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு, "நான் என்னத்துக்கு மகள், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். பிறகு, எந்த அபாயா உடுப்பது என்று கேட்டார்.

நந்தா மாலினி 1943இல் அளுத்கமப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். குடும்பம் கொழும்புக்குக் குடிவந்தது. அவர் வளர்ந்ததும் நம் கொட்டாஞ்சேனையில்தான். ‘ரன் முத்து தூவ’ படத்துக்கு அமரதேவ அவர்களின் இசையில் பாடிய பாட்டுக்காக 1964இல் சரசவிய விருது வாங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இருபது வயதுதான். உம்மாவுக்கு ஒன்பது. "எங்கட ரோட்டால போனவதான்" என்று உம்மா இப்போதும் சொல்வார். உண்மையில் போனாரோ என்னவோ, அந்த உரிமையை நான் பறிக்க மாட்டேன்.

1987இல் அவர் ‘பவன’ என்ற நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனார். நாடு எரிந்துகொண்டிருந்த நேரம். ஏழைகளின் கோபத்தையும் ஆட்சியின் அநியாயத்தையும் பாடிய அந்தப் பாட்டுகளை அரச வானொலி ஒலிபரப்பவில்லை. கேட்க வேண்டுமானால் கசெட் தேட வேண்டும், இல்லை மண்டபத்துக்குப் போக வேண்டும். ஓய்வறைக் கேள்விக்கு இது ஒரு பாதி பதில். எல்லாப் பாட்டும் எல்லாக் காலத்திலும் வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை. சிலதை மனிதர்கள் எழுந்து போய்த்தான் கேட்டிருக்கிறார்கள்.

மற்றப் பாதியை உம்மாதான் எனக்குச் சொல்லித் தந்தார்.

மஃரிபை முடித்துக்கொண்டு கிளம்பினோம். மண்டபத்தில் உம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, டொக்டருக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டுத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "மூச்செடுக்கிறதும் வெளங்குது மகள்."

ஐம்பது வருடம் கேட்ட குரல் அது. அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கும், இரண்டு பாட்டுக்கு நடுவில் அதுவும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் உம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ரேடியோவில் அந்தப் பாட்டு எப்போதும் முடிந்துபோன பாட்டு. இங்கே அது நம் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. உச்சத்துக்குப் போகும் இடம் வரும்போது மண்டபம் முழுக்க அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. வயது குரலில் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் பிடித்தது என்று மதினி சொன்னார், எனக்கும் அப்படித்தான்.

பாதி நிகழ்ச்சிக்குப் பிறகு உம்மாவின் கைப்பை கீழே போயிருந்தது. உதடு அசைந்தது. ஒரு வரி தப்பாமல் சிங்களத்தில் பாடினார், சத்தமில்லாமல். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, ஏறக்குறைய அதே வயது, அவரும் அப்படியே. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இடைவேளையில் உம்மாவின் இஞ்சி டொபி அங்கே போனது. அவருடைய கைக்குட்டை இங்கே வந்தது. ஏனென்றால் உம்மா அழுதிருந்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோ காலி வீதியில் வந்துகொண்டிருந்தது. தெஹிவளை தாண்டியதும் உம்மா பாடத் தொடங்கினார். முணுமுணுப்பு இல்லை, நல்ல குரலெடுத்து. டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, என் உம்மாவின் முழுக் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன். சமையலறைக் கதவு சாத்தியிருக்கும்போது வரும் குரல்தான் அவருடைய குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இசை பற்றி நமக்குள் கருத்து வேறுபாடுகள் உண்டு. கேட்பதில்லை என்று இருப்பவர்களை நான் மதிக்கிறேன். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமாவும் இல்லை. நான் பேசுவது கேட்கிற வீடுகளைப் பற்றி. நம் வீடுகளில் அநேகமானவற்றில் பாட்டு ஓடுகிறது. மண்டபத்துக்குப் போவது மட்டும் ஆண்களாக இருக்கிறது.

எகிப்தின் உம்மு குல்தூமை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகள். சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றவர். அரபு உச்சரிப்பின் தெளிவு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. பெண்பிள்ளை சபையில் பாடுவதற்கு வாப்பா கூச்சப்பட்டு, ஆண்பிள்ளை உடுப்பு உடுத்தித்தான் கூட்டிப்போனார். பிறகு பல பத்தாண்டுகள், மாதத்தின் முதல் வியாழன் இரவு அவருடைய கச்சேரி வானொலியில் நேரடியாகப் போகும். அரபு நாடுகளே அதற்காக உட்கார்ந்திருக்கும். ஒரு பாட்டே ஒரு மணித்தியாலம் ஓடும். சபை திரும்பக் கேட்டால் அதே வரியைத் திரும்பப் பாடுவார், ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி. அந்தப் பாட்டைப் பாதி செய்தது எதிரே உட்கார்ந்திருந்த மக்கள்.

நம் கொழும்பும் அப்படிப்பட்ட ஊர்தான். 1920களில் கே.பி. சுந்தராம்பாள் இங்கே நாடக மேடையில் பாடினார். எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் சேர்ந்ததும் கொழும்பில்தான். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் நாடகம் இல்லை.

இனி எனக்கு முக்கியமான விஷயம்.

என் வகுப்பில் தரம் 9 பிள்ளை ஒருத்தி நன்றாகப் பாடுவாள். இடைவேளையில் வகுப்பு காலியாக இருந்தால் பாடுவாள். காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். 2023இல் நயப்பன தோட்டத்து அசானியும் அரியாலை கில்மிஷாவும் இந்தியத் தொலைக்காட்சியில் பாடியபோது, அந்த நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இருக்கவில்லை. கில்மிஷா வென்ற கிழமை இவள்தான் எல்லோரையும் விடச் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் கேட்டேன், "நீங்க யாரையாவது நேர்ல பாடிப் பாத்திருக்கீங்களா மகள்?"

"இல்ல டீச்சர். போன்லதான்."

போனில் பார்ப்பவை எல்லாம் பிழை திருத்தி, வெளிச்சம் போட்டு, முடிந்துபோனவை. அதைப் பார்க்கும் பிள்ளை "என்னால ஏலாது" என்று நினைப்பது நியாயம்தான். ஒரு பெண் மேடைக்கு வந்து, தொண்டையைச் செருமி, சுதி சரியா என்று திரும்பிப் பார்த்து, பிறகு பாடுவதைக் கண்டால்தான் அது உழைப்பு என்று விளங்கும். உழைப்பு என்றால் பழகலாம். அவள் பாடகியாக வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலடிச் சத்தத்துக்குக் குரலை நிறுத்தும் பழக்கம் அவளோடு ஐம்பது வருடம் போகக்கூடாது. அப்படிப் போன ஒருவரோடு நான் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

ஆகவே வாப்பாமாரே, நானாமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் பெண்கள் பாடும், வீணை வாசிக்கும் நிகழ்ச்சிகள் வருடம் முழுக்க நடக்கின்றன. சிலதுக்கு டிக்கட்டே இல்லை. அடுத்த தடவை நீங்கள் போகும்போது உங்கள் உம்மாவிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "நான் என்னத்துக்கு" என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கேளுங்கள்.