சின்னம்மாவின் நாடி

சென்ற வருட விடுமுறையில், ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் எமது சின்னம்மாவின் லயத்தில் தங்கியிருந்தோம். பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து வந்தவர், "நெஞ்சு படபடன்னு அடிக்குது தம்பி" என்று வாசற்படியில் சாய்ந்தார். நாடியைப் பிடித்தோம். 15 விநாடிக்குள் 45 துடிப்பு, நிமிஷத்துக்கு 180! அயலார் திருநீறு இட்டனர்; நாம் 1990ஐ அழைத்தோம். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய இலவசச் 'சுவசெரிய' வண்டி மலைவளைவுகளில் ஏறி வந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தனர். துடிப்பு அடங்கியபின் எடுத்தால் நோயின் சுவடே தெரியாமற் போகலாமாம். இருதயத்தின் மின்னோட்டம் தவறான வழியிற் சுற்றிச் சுற்றி ஓடுவதே காரணம் என்றார் வைத்தியர். 10 மில்லிலீற்றர் சிறிஞ்சின் உள்தண்டு அசையுமளவு 15 விநாடி ஊதச் செய்து, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினர். வெறும் ஊதல் நூறு பேரில் 17 பேருக்கே பலித்ததென்றும், கால்களையும் உயர்த்தியபோது 43 பேருக்குப் பலித்ததென்றும் 2015இல் இங்கிலாந்து வைத்தியர்கள் கண்டனர். சின்னம்மா அந்த 43இல் சேரவில்லை! அடினோசின் ஊசிமருந்து நாளத்தில் விரைந்து ஏறியது. உயிரே போவதுபோற் சில விநாடி விழித்தார். நாடி 84க்கு இறங்கியது. இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கியிருந்தால் மின்னதிர்ச்சியே கொடுத்திருப்பார்களாம்.

"இதுக்கு முன்னாலயும் நாலஞ்சு தடவை வந்துச்சு" என்றார் சின்னம்மா மெதுவாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"மலையை விட்டு எறங்குனா அரைப்பேர்தானே தம்பி. இன்னைக்காவது கணக்கப்பிள்ளை முழுப்பேர் போட்டிருப்பாரா?"