அறுந்தால் தானே சொல்லும் கம்பி



எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நகராட்சியிடமிருந்து இந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. நிர்வாகக் குழுவில் நானும் இருப்பதால் அது என் கைக்கு வந்து சேர்ந்தது. பாஸ்டனை ஒட்டிய சிறு நகரம் எங்களுடையது. கட்டட வாசலில் சிவப்பு வண்ணத்தில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதிலிருந்து கிளம்பும் கம்பி தெருத் தூண்கள் வழியாக நகரத் தீயணைப்பு நிலையம் வரை போகிறது. இந்த ஆண்டு முடிவோடு அந்தக் கம்பியில் வரும் செய்தியை நகரம் கேட்காது என்பதுதான் கடிதத்தின் சாரம். முறை பழசாகிவிட்டது, உதிரி பாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டடமும் தனியார் கண்காணிப்பு நிறுவனம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அபராதம்.

படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். தீ என்றால் எங்களுக்கு அது நாளிதழ்ச் செய்தி அல்ல.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் இருப்பதுபோல் ஒரு சுருள்வில், அது சுழற்றும் பல்சக்கரம் ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்திலும் பற்கள் வேறு மாதிரி வெட்டப்பட்டிருக்கும். கொக்கியை இழுத்துவிட்டால் சக்கரம் சுழன்று, கம்பியில் ஓடும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும். பெட்டியின் எண் 1234 என்றால் தீயணைப்பு நிலையத்தில் மணி ஒரு தடவை அடித்து நிற்கும், பிறகு இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கு. அதே எண் திரும்பத் திரும்ப வரும். காகித நாடாவிலும் துளை விழும். அந்த எண் எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று அட்டை பார்த்தால் தெரிந்துவிடும். இழுத்தவர் பேச வேண்டாம், முகவரி சொல்ல வேண்டாம், ஆங்கிலம்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். எங்கள் கட்டடத்தில் இருப்பது இதன் அடுத்த படி. உள்ளே புகை கண்டறியும் கருவிகள் விழித்துக்கொண்டால் யாரும் இழுக்காமல் பெட்டி தானே செய்தியை அனுப்பிவிடும்.

உலகத்திலேயே முதன்முதலில் இந்த முறை ஓடத் தொடங்கியது பாஸ்டனில்தான், 1852 ஏப்ரலில். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்தது. தந்தி வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஊர் ஊருக்குச் செய்தி அனுப்பும் கம்பியை ஒரே ஊருக்குள் தெருத்தெருவாக விரித்தால் தீயை அறிவிக்கலாமே என்று ஒரு டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு தென் கரோலினாவில் தந்தி அலுவலகம் நடத்திக்கொண்டிருந்த ஜான் கேம்வெல் என்பவர் காப்புரிமையை வாங்கி நாடெங்கும் கொண்டுபோனார். அவர் பெயரிலான தொழிற்சாலை பாஸ்டனுக்குப் பக்கத்து நியூட்டனில்தான் இயங்கியது. இந்த வட்டாரத்தின் பழைய சிவப்புப் பெட்டிகளில் இன்றும் அவர் பெயரைப் படிக்கலாம்.

நான் வியந்து நிற்பது அந்தக் கம்பியின் இன்னொரு குணத்தைப் பார்த்துத்தான். அதில் இரவும் பகலும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பனிப்புயலில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்று, அந்தக் கணமே நிலையத்தில் தெரிந்துவிடும். கம்பி தன் சாவைத் தானே அறிவித்துவிட்டுத்தான் சாகிறது. அறுந்த பிறகும் மண்ணையே பாதையாகக் கொண்டு செய்தியை அனுப்பிவிடும் பெட்டிகளையும் செய்தார்கள். இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் இழுத்தால் ஒன்று காத்திருந்து, மற்றது முடித்த பிறகு தன் எண்ணை அடிக்கும். மின்விளக்கு வீடுகளுக்கு வருவதற்கு முன்பே தொடங்கி, படிப்படியாக இத்தனையையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இனி, இங்குள்ள விதியைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம்மூரில் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வாங்குவதோடு பெரும்பாலோருக்குக் கதை முடிந்துவிடும். இங்கே எங்களுடையது போன்ற கட்டடத்தில் கருவி இருந்தால் மட்டும் போதாது. கருவி அலறுவதை வெளியே ஒருவர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யார் கேட்கலாம், எத்தனை நொடிக்குள் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் தேசியத் தீக்காப்புச் சங்கத்தின் 72-ஆம் எண் விதித்தொகுப்பு இருக்கிறது. கட்டடத்தில் அலாரம் எழுந்தால் 90 நொடிக்குள் அது கண்காணிப்பு நிலையத்தின் திரையில் தெரிய வேண்டும். அங்கிருப்பவர் உடனே அதைத் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். கண்காணிப்பு நிலையம் வேறு மாநிலத்தில்கூட இருக்கலாம். ஆண்டுதோறும் சோதித்து ஏட்டில் பதிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கட்டடத்திலிருந்து கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும் வழி, அதாவது செல்பேசி அலையோ இணையமோ, அறுந்துபோனால் எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும்? ஒரே வழி வைத்திருந்தால் 60 நிமிடம் வரை அனுமதி. இரண்டு வழிகள் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 மணி நேரம் வரை. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய 2010 பதிப்பில் ஒரே வழிக்கு 5 நிமிடம் என்று இருந்தது. தளர்த்திவிட்டார்கள். கணத்தில் சொன்ன கம்பியை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம் என்ற கருவியை மாட்டுகிறோம். இதைத்தான் கடிதம் நவீனப்படுத்துதல் என்கிறது. புதிய கருவி எந்த அறையில் புகை என்றுகூடச் சொல்லுமாம். சொல்லட்டும். சொல்லும் வழி உயிரோடு இருக்கிறதா என்பதல்லவா முதல் கேள்வி?

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக்கோட்டருகே குண்டு வெடித்தபோது நகர மையத்தில் செல்பேசி அழைப்புகள் போகாமல் ஜனங்கள் தவித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முனைந்தால் அலைவரிசை திணறும். தெருமுனைப் பெட்டிக்கு அந்தத் திணறல் கிடையாது. பாஸ்டன் நகரம் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தெருப்பெட்டிகளை இன்னும் வைத்துப் பராமரிக்கிறது. அவற்றைக் கேட்பதற்கென்றே ஃபென்ஸ் பூங்காவில் 1920-களில் கட்டிய தனிக் கட்டடம் இருக்கிறது. எங்கள் சிறு நகரத்துக்கு மட்டும் முடியவில்லை.

முடியாததற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கே பல தெருக்களில் இரட்டைத் தூண்களைப் பார்க்கலாம். மின்வாரியம் போன்ற நிறுவனம் புதுத் தூண் நட்டுத் தன் கம்பியை மாற்றிவிடும். தொலைபேசிக்காரர் பிறகு வருவார், கேபிள்காரர் பிறகு. கடைசியாக நகராட்சியின் தீ அலாரக் கம்பி பழைய தூணில் தொங்கிக்கொண்டிருக்கும். 90 நாளுக்குள் பழைய தூணை எடுத்துவிட வேண்டும் என்று மாசசூசெட்ஸ் சட்டம் சொல்கிறது. ஆள் பற்றாத நகராட்சிக்கு அது தலைவலிதான். ஆனால் தலைவலிக்கு ஆள் போட வேண்டும்.

பெட்டியின் கதவைப் பூட்டி வைத்ததால் என்ன ஆயிற்று என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். பொய் அலாரத்துக்குப் பயந்து பாஸ்டனில் ஒரு காலத்தில் பெட்டிகளைப் பூட்டி, சாவியைக் காவலர்களிடமும் நம்பிக்கையான சிலரிடமும் கொடுத்திருந்தார்கள். 1872 நவம்பர் 9 மாலை சம்மர் தெருவில் ஒரு கட்டடம் பற்றிக்கொண்டது. பார்த்தவர்கள் பலர், சாவி வைத்திருந்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. 52-ஆம் எண் பெட்டி ஒலிப்பதற்குள் தீ முற்றிவிட்டது. அந்தச் சமயம் குதிரைகளுக்கெல்லாம் நோய் கண்டிருந்ததால் வண்டிகளை ஆட்களே இழுத்தார்கள். 776 கட்டடங்கள், 65 ஏக்கர், நகரத்தின் வணிகப் பகுதி சாம்பலாயிற்று.

நியூயார்க்கில் வேறு பாடம். பெட்டிகளில் வருவதில் பெரும்பகுதி பொய் அழைப்பு என்று சொல்லி 1990-களில் மேயர் ஜூலியானி அவற்றை எடுக்கப் பார்த்தார். காது கேளாதவர்களின் சங்கம் வழக்குப் போட்டது. தொலைபேசியில் பேச முடியாதவர் தெருவில் நின்று தீயைப் பார்த்தால் என்ன செய்வார் என்று கேட்டது. 1996-ல் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் பெட்டிகள் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். 2011-ல் மேயர் புளூம்பெர்க்கின் நிர்வாகம் மறுபடி கேட்டது. கட்டணத் தொலைபேசியில் 911 என்ற அவசர எண்ணை அழைத்து, விரலால் தட்டிக் காட்டினால் போதும் என்றார்கள். அதையும் அவர் ஏற்கவில்லை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தை இவ்வளவு நேராக வாசித்த அந்த நீதிபதியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் கடிதத்தில் காது கேளாதவர் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு எங்கள் ஊர் நகராட்சிச் சங்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. காலை ஐந்துக்கு ஊதும், நண்பகலில் ஊதும், இரவு எட்டுக்கு ஊதும். அம்மா அதை வைத்துத்தான் உலை வைப்பாள். வேளை தப்பி, நீளமாக, நிற்காமல் ஊதினால் எங்கோ தீ என்று பொருள். வீட்டுக்கு ஒருவர் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். படப்பில் தீயா, ஓலைக்கூரையா, தீப்பெட்டி ஆபீஸா, பட்டாசு ஆபீஸா என்று பேச்சு முடிவதற்குள் ஆண்கள் ஓடியிருப்பார்கள். பெண்கள் குடத்தோடு பின்னால் போவார்கள். தெருவில் ஒரு கூரை பிடித்தால், பக்கத்துக் கூரையைக் கம்பால் பிரித்து இழுத்துப் போடுவது எவரும் சொல்லிக்கொடுக்காத வித்தை. அந்தக் கூரைக்காரனும் மறுப்புச் சொல்ல மாட்டான்.

அந்த ஓட்டத்துக்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் தீப்பிடித்ததைப் பார்த்து அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடினார்கள். அவர்கள் அங்கே நின்றபோது பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. இங்கே என் நண்பர்கள் அதை மடமை என்கிறார்கள், தள்ளி நிற்க வேண்டும், பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டும் என்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ஓடியவர்களை மடையர் என்று எவரும் என் முன்னால் சொல்ல நான் விடமாட்டேன்.

இந்த நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களிலும் ஒரு காலத்தில் அந்த ஓட்டம் இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் கூரையில் காற்றுக்குழல் ஒன்று இருக்கும். பெட்டியின் எண்ணை ஊருக்கே கேட்கும்படி அது ஊதும். அடுக்களைச் சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்து, தீ எந்தத் தெருவில் என்று பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்களாம். தொண்டர்கள் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவார்கள். பனி அதிகமான நாளில் பள்ளி விடுமுறை என்பதையும் அந்தக் குழலே அறிவிக்கும். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர் நகராட்சியின் கம்பிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் சொன்னவர் அவர்தான். கடிதத்தைக் காட்டினேன். “நான் தூணேறிக் கட்டிய கம்பி இது. நகரம் கேட்டுக்கொண்டிருந்தவரை கட்டடம் யாருடையது என்று நாங்கள் பார்த்ததில்லை” என்றார்.

அவர் சொன்னதுதான் எனக்கும் முக்கியம். கம்பி நகரத்துடையதாக இருந்தவரை பணக்கார அடுக்குமாடியும் ஏழைப் பாட்டிகள் வாழும் முதியோர் குடியிருப்பும் ஒரே மணியில்தான் ஒலித்தன. பெட்டிக்கு நகரம் ஓர் ஆண்டுக் கட்டணம் வாங்கியது உண்மைதான். ஆனால் கேட்கும் பொறுப்பு நகரத்திடம் இருந்தது. இனி அவரவர் ஒப்பந்தம், அவரவர் மாதத் தவணை. தவணை கட்டாத கட்டடத்தின் அலாரத்தை யார் கேட்பார்? பக்கத்துச் சில நகரங்கள் செப்புக் கம்பியை விட்டபோது வானொலி அலைப் பெட்டிகளுக்கு மாறின. கேட்பதை நகரத் தீயணைப்புத் துறையே தன் கையில் வைத்துக்கொண்டது. அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தும் எங்கள் நகரம் முழுக்கக் கைகழுவிவிட்டது.

குழுக் கூட்டம் வியாழக்கிழமை நடந்தது. அபராதத்துக்குப் பயந்து ஒப்பந்தம் போடத்தான் வேண்டும் என்று முடிவானது, நானும் கை தூக்கினேன். இரண்டு வழிகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுப்போம் என்று அந்தப் பெரியவரே முதலில் சொன்னார். நகர மன்றத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். முதியோர் குடியிருப்புகளின் கண்காணிப்புச் செலவை நகரம் ஏற்க வேண்டும், வானொலிப் பெட்டிகளுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பொதுவில் வைக்க வேண்டும், அதுவரை பழைய கம்பியை இறக்கக் கூடாது. அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேச மூன்று நிமிடம் தருவார்கள். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் பாஸ்டன்வாசி