மரம் கல்லானது எப்படி?

பாலை என்று தனியாக ஒரு நிலம் தமிழகத்திலே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் வாடி வறண்டால் அதுவே பாலை என்றனர் முன்னோர். ஏட்டிலே கண்ட அந்தப் பாலையை நேரிலே காணவும், அதன் அருகே ஒரு சோலை உண்டென்று கேள்விப்பட்டு அதனைத் தேடவும், தைத் திங்களில் ஒரு ஞாயிறன்று, நண்பர் நால்வர் திருச்சியிலிருந்து காரிலே புறப்பட்டோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே கல்மரம், அடுத்துக் காரையின் களிமண் மேடுகள், பிறகு அரியலூர், அந்தி வேளையிலே கரைவெட்டி ஏரி. இதுவே எங்கள் திட்டம். ஊர் பார்க்கச் சென்றோம். எங்களையே பார்த்துத் திரும்பினோம். அந்தக் கதையைத்தான் கூற விழைகிறோம், தோழர்களே!

நெடுஞ்சாலையை விட்டு விலகி, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலங்களைக் கடந்து சென்றால், சாத்தனூரின் ஓடைக்கரையிலே படுத்துக் கிடக்கிறது அந்த மரம். நீளம் சுமார் 18 மீட்டர். கண்ணுக்கு மரம், கைக்குக் கல்! இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டிலே இதனைக் கண்டறிந்தார். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்று கணித்துள்ளனர்.

எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் அங்கு வந்திருந்தது. உழவரைப் போன்ற தோற்றமுடைய தந்தை, பத்து வயதிருக்கும் தம் மகளுக்கு மரத்தைக் காட்டி, "ஏதோ முனிவர் சாபம்மா. அகலிகை கல்லானாளே, அதுமாதிரி" என்றார்.

விடுவோமா? எங்களில் ஒருவர், மேடையேறிப் பழகியவர், "ஐயா! சாபத்தால் கல் கிடைக்குமென்றால், நாலு முனிவர்களை அழைத்துவந்து வீடு கட்டலாமே! அரியலூரிலே சிமெண்டு ஆலை எதற்கு?" என்றார். சிரித்தோம். அந்த மனிதர் சிரிக்கவில்லை. மகளின் எதிரே தலை கவிழ்ந்து நின்றார். வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

சிறுமி விடவில்லை. "சாபம் இல்லேன்னா, அப்புறம் எப்படிண்ணா மரம் கல்லாச்சு?"

"அது... காலப்போக்கிலே அப்படி ஆகிவிடும்" என்றார் நண்பர்.

"அப்படின்னா எங்க வீட்டு வேப்பமரமும் கல்லாயிடுமா?"

வாய் அடைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாபம் என்ற தந்தையிடம் ஒரு பதில் இருந்தது. அது தவறான பதில். எங்களிடமோ தவறான பதில்கூட இல்லை! ஏளனம் ஒன்றே இருந்தது, அதனையும் செலவழித்துவிட்டோம்.

எங்களை மீட்டவர், அங்கே காவலிருந்த பெரியவர். ஆராய்ச்சிக்கு வருவோர் பேசக் கேட்டுக் கேட்டே கற்றவராம். சிறுமியை அருகே அழைத்து அவர் கூறினார்:

"அப்போ இந்தப் பக்கமெல்லாம் கடலும்மா. ஆத்து வெள்ளம் இந்த மரத்தை அடிச்சுக்கிட்டு வந்து கடல்ல தள்ளிடுச்சு. மேலே மணலும் சேறும் மூடிக்கிச்சு. காத்துப் படலை, அதனால மக்கலை. மண்ணுக்குள்ள ஊறின தண்ணியிலே கல்லுச் சத்து கரைஞ்சிருந்துச்சு. மரச் சத்து போகப்போக, அந்த இடத்திலே கல்லுச் சத்து வந்து உக்காந்துச்சு. பழைய பாயிலே ஒவ்வொரு கோரையா உருவிட்டுப் புதுக்கோரை செருகினா எப்படி? நெசவு அதேதான், கோரைதான் வேற."

இன்று கடல் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கோரைப் பாயைக் காட்டி, கோடி ஆண்டுகளைக் குழந்தையின் கையிலே கொடுத்துவிட்டார் அந்தப் பெரியவர்! மேடை ஏறாதவர், ஏளனம் செய்யாதவர். அவருடைய சொற்களின் எதிரே சாபம் தானாகவே விலகிற்று.

எங்கள் நண்பர் அந்தத் தந்தையிடம் சென்றார். "மன்னியுங்கள், ஐயா. எங்களுக்கும் இப்போதுதான் தெரிந்தது." அவர் சொன்னார்: "எனக்கும்தான், தம்பி."

அதன் பிறகு எங்கள் பயணமே வேறாயிற்று. பேச்சு குறைந்தது, கேள்வி பெருகிற்று. காரையிலே, புல்லும் முளைக்காத களிமண் மேடுகள். மழை அறுத்த பள்ளங்கள். வெயிலிலே மின்னும் ஜிப்சம் சில்லுகள். துப்பாக்கிக் குண்டு போன்ற சிறு கல்லொன்று காலில் இடறிற்று. கணவாய்க்கு உறவான, அற்றுப்போன கடலுயிரின் உடற்பகுதி அது. பாலைக்கு நடுவே கடல்! பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தோம். அடுத்து வருவோரும் காண வேண்டுமல்லவா?

அரியலூரிலே மற்றொரு பாடம். ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலிலே வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் பிறவும் குவிந்து இறுகியது. நண்பர் கேலிக்கு இழுத்த சிமெண்டு ஆலையின் கல்லும், கல்மரத்துக்கு அண்டை வீட்டு உறவே! 2020ஆம் ஆண்டு, பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலே ஏரி மண்ணைத் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று பரபரப்பு! ஆராய்ந்தவர்களோ, அம்மோனைட் என்னும் கடலுயிரைச் சுற்றிப் படிந்த மண் இறுகிய உருண்டைகள் என்றனர். வதந்திக்குப் புராணந்தான் வேண்டுமென்பதில்லை. விஞ்ஞானத்தின் சட்டையை அணிந்தும் அது உலவும். அதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

அந்தி வேளை. நாங்கள் தேடிய சோலை வந்தது, கரைவெட்டி! சுமார் 4.5 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1999இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ராம்சார் பட்டியலிலே இடம்பெற்றதாக 2024இல் அறிவிப்பு வந்தது. வறண்ட நிலத்தைக் கண்டு வந்த கண்களுக்கு அந்த நீர்ப்பரப்பு மாயம் போலவே தோன்றிற்று. மாயமா? இல்லை. மேட்டூரிலே தேக்கிய காவிரி நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரப்புகிறது. மனிதர் வெட்டிய வாய்க்கால். மண் சுமந்தோரின் வியர்வை.

கரையிலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, வரித்தலை வாத்துக் கூட்டத்தைக் காட்டி, "சாமி அனுப்புற பறவை, தம்பி" என்றார். மேடை நண்பர் வாய் திறந்தார். நாங்கள் அஞ்சினோம். அவரோ, "எந்த மாசம் வரும், பாட்டி? எப்போ திரும்பும்?" என்று கேட்டார். எந்த மாதம் வரும், எந்தப் பக்கம் மேயும், நீர் குறைந்தால் எவ்வாறு குறையும் என்று மூதாட்டி அடுக்கினார். எந்த ஏட்டிலும் நாங்கள் படித்திராத செய்திகள்! பிறகு நண்பர், அவை இமயத்துக்கு அப்பாலிருந்து மலையைத் தாண்டிப் பறந்து வருவதைக் கூறினார். "அம்மாடி! அந்தக் குட்டி றெக்கையாலயா?" என்று மூதாட்டி வாத்துகளை மறுபடியும் பார்த்தார். அந்தப் பார்வையிலே முன்னைவிட வியப்பு மிகுந்திருந்தது.

தோழர்களே! அகலிகை கதையை மறுக்க ஒரு நொடி போதும். மரத்தின் கதையைக் கூற, கற்றிருக்க வேண்டும். சாபத்தை மறுத்தது எங்கள் பிழையன்று. மறுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணினோமே, அது பிழை. அந்தச் சிறுமி நாளை நம் ஊருக்கும் வருவாள், "அப்புறம் எப்படிண்ணா?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல, இன்றே படிக்கத் தொடங்குவோம்.