மிஞ்சாத இட்லி

எங்கள் தெரு டிபன் கடைக்கும் ஏஐ வந்துவிட்டது. பழைய பில்களைப் பார்த்து, நாளை எத்தனை இட்லி போகும் என்று செல்போன் சொல்கிறது. அதன்படிதான் அரிசி, உளுந்து ஊறப்போடுகிறார்கள். இரவெல்லாம் புளிக்கவேண்டிய மாவாயிற்றே, நினைத்த நேரத்தில் கூட்ட முடியுமா?

"இப்பல்லாம் மிச்சமே விழறதில்லை சார்" என்றான் முதலாளியின் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. 1974-இல் வேலை தேடி மதுரையில் அலைந்தபோது, ஒரு மெஸ்ஸில் ராத்திரி மிஞ்சிய இட்லிதான் என் சாப்பாடு. காசு கேட்கமாட்டார்கள். அவனிடம் அதைச் சொன்னேன்.

கல்லாவில் இருந்த அப்பா சிரித்தார். "போன் சொல்றதுக்கு மேல தினம் அரைப்படி அரிசி கூடப் போடறேன் சார். ஏடிஎம் வாட்ச்மேன், பஸ்ஸ்டாண்டுல படுக்கிறவங்கன்னு ராத்திரியே போயிடுது. இவன்கிட்ட சொல்லலை."