ஒரு தூணின் சாட்சி

கல்கத்தா என்று வழங்கிய நாளில் இந்நகருக்கு நான் வேலைக்கு வந்த புதிது. நம்மவர் ஒருவர், புதிய அடுக்கு மாளிகையில் தாம் வாங்கவிருந்த வீட்டின் அஸ்திவாரச் சோதனைத் தாளைக் காட்டி, "தம்பி, இதை நம்பலாமா?" என்று கேட்டார். 'பைல்' எனப்படும் காங்கிரீட் தூண் ஒன்றின்மீது, அது தாங்க வேண்டிய பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அது இறங்கியது 4 மில்லிமீட்டரே. "தாராளமாக வாங்கலாம், ஐயா" என்றேன்.

ஐந்தாண்டுகள் சென்றபின் அவர் இல்லத்திற்குப் போனேன். மாளிகையின் ஒரு பக்கம் மற்றதைவிட மிகுதியாக இறங்கியிருந்தது. கதவுகள் நிலையில் பொருந்தவில்லை. சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடியிருந்தது. அவர் என்னைக் குறை கூறவில்லை. காப்பி தந்து உபசரித்தார். அந்த உபசாரமே என்னைச் சுட்டது.

நான் செய்த பிழை யாது? தனித்த பைல் தன்னை ஒட்டிய சிறிதளவு மண்ணையே அழுத்துகிறது. நூறு பைல்கள் நெருங்கி நிற்கும்போதோ, அவற்றின் அழுத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து, மிக ஆழத்திலுள்ள களிமண்ணையும் எட்டிவிடுகின்றன. மேலும், நீர் தோய்ந்த களிமண், உள்ளிருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளியேறினால்தான் சுருங்கும். அதற்கு ஆண்டுகள் பல ஆகும். சோதனையோ ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது.

இதனைக் கணிக்க வழியில்லாமல் இல்லை. டெர்ஸாகியும் பெக்கும் 1948-இல் வெளியிட்ட மண்ணியல் நூலே ஓர் எளிய முறையைக் காட்டியது. களிமண்ணில் இறங்கிய பைல்கள் 18 மீட்டர் நீளமானால், மூன்றில் இரு பங்கான 12 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரும் பலகை இருப்பதாகவும், பாரம் முழுவதும் அதன்மீது அமர்ந்திருப்பதாகவும் கொள்ள வேண்டும். அதன் கீழுள்ள ஒவ்வொரு களிமண் அடுக்கும் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டுக் கூட்டினால், கட்டடத்தின் இறக்கம் ஏறத்தாழத் தெரியவரும்.

எச்சரிக்கை பெருஞ்செல்வர்க்கும் உரியதே. சான் பிரான்சிஸ்கோவில் 2009-இல் திறக்கப்பெற்ற 58 மாடி மில்லெனியம் கோபுரத்தின் பைல்கள் பாறையைத் தொடவில்லை. அவற்றின் கீழே களிமண் இருந்தது. 2016-க்குள் அக்கோபுரம் சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கிச் சாய்ந்தும் விட்டது.

இன்று நம் அன்பர்கள் அத்தகைய தாளைக் கொணர்ந்தால், இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: "பைல்களின் அடிக்குக் கீழே எவ்வளவு ஆழம்வரை மண்ணெடுத்துச் சோதித்தார்கள்? எல்லாப் பைல்களும் சேர்ந்து எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட்டார்களா?" விடை கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். அன்று அப்பெரியவரிடம் நான் கேட்கத் தவறிய கேள்விகள் இவையே.