பைண்டு புத்தகத்தில் இருந்த சாம்பு

கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போனால், தாத்தா வீட்டு மச்சில்தான் எங்கள் மத்தியானம் கழியும். அங்கே ஒரு மரப்பீரோ. மேல்தட்டில் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் துப்பறியும் நாவல்கள். கீழ்த்தட்டில், விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கள். அதில் ஒன்றுதான் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. பிரித்தால் பழைய பசை வாசனை அடிக்கும். ஓரங்களில் பாதி வெட்டுப்பட்ட ஜோக்குகள், மறுபக்கத்தில் ஏதோ தைல விளம்பரம்.

மேல்தட்டுக் கதைகளைப் படித்த ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே நடுங்கும். சாம்பு படித்த அன்று அந்தப் பயம் கிடையாது. இத்தனைக்கும் அங்கேயும் திருட்டு உண்டு, மோசடி உண்டு. ஆனால் துப்புத் துலக்குகிறவர், பேங்க் குமாஸ்தாவாக இருந்த ஓர் அப்பாவி. தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். உளறுவார், அது தன்னைக் குறிவைத்துச் சொன்னது என்று குற்றவாளி வெலவெலத்துப் போவான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ எல்லாவற்றையும் அபார மூளையின் வேலை என்றே நம்பிக்கொண்டிருப்பார். உண்மை தெரிந்தவர்கள் தேவனும் நாங்களும்தான். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதது, டவுசர் போட்ட நமக்குத் தெரிகிறது என்பது சாதாரண சந்தோஷமா?

சித்தப்பா உரக்கப் படிப்பார். கோபாலனுக்குக் குரல் கட்டையாகும்; சாம்புவுக்கு மூக்கால் பேசுவார். பாட்டி அப்பளமாவு உருட்டிக்கொண்டே கேட்பாள். சாம்புவுக்கு மனைவியாக வேம்பு வந்த பிறகான கதைகள்தான் அவளுக்கு இஷ்டம். “கல்யாணம் ஆனதும்தான்டா அவனுக்கு ஒரு களையே வந்தது” என்பாள். ‘நம்ம திருவிடைமருதூர்க்காரர்’ என்று தாத்தாவுக்குத் தேவன்மேல் தனிப் பெருமை. 1913இல் பிறந்து 1957இல் போய்விட்டார், நாற்பத்து நாலு வயதுகூட நிறையவில்லை என்று சொல்லும்போது, சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதைக்குக் கடைசித் தாள் இல்லை. சாம்பு வசமாக மாட்டிக்கொண்ட இடத்தில் அறுந்து நிற்கும். பாட்டிக்கும் முடிவு மறந்துவிட்டது. ஒருநாள் சித்தப்பா, “ஆளுக்கு ஒரு முடிவு சொல்லுங்க பார்க்கலாம்” என்றார். திருடன் யார் என்று சொல்ல எங்களுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. சாம்புவை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் போதும் போதுமென்றாகிவிட்டது. சும்மா போய் முட்டிக்கொண்டால் சிரிப்பு வரவில்லை. யோசித்துக் கண்டுபிடித்தால் அது சாம்புவே இல்லை. அக்கா, சாம்பு பூனைக்குப் பயந்து பரணில் ஏறுவதாகவும், நகை மூட்டை அங்கேதான் இருப்பதாகவும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினோம். சித்தப்பா மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு, “பூனையை முன்னாடியே காட்டியிருக்கணுமே” என்றார்.

அப்புறம் முழுசாக இருந்த கதைகளை மறுபடியும் எடுத்தோம், இந்தத் தடவை திருட்டுத்தனமாக வேவு பார்க்கிற மாதிரி. திருடன் போடுகிற கணக்கு ஒன்று. சாம்புவின் அசட்டுத்தனம் தன்போக்கில் போகிற வழி இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நிமிஷத்தில் வந்து முட்ட வேண்டும், ஆசிரியரின் கை வெளியே தெரியவும் கூடாது. நேரான துப்பறியும் கதைக்கு ஒரு கதை யோசித்தால் போதும். தேவன் ஒவ்வொரு முறையும் இரண்டு யோசித்திருக்கிறார். இதை விளையாட்டு எழுத்து என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

கோபுலு வரைந்த சித்திரத் தொடரைப் பிற்பாடுதான் பார்த்தேன். தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது வீடே டி.வி. முன்னால் கூடியது. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “இவரும் நன்னாத்தான் பண்றார். ஆனா நீ படிக்கிறாப்ல மூக்கால பேசலையேடா” என்று சித்தப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.