சுந்தரம் எங்கே?

2022 டிசம்பர். திருவனந்தபுரம் சர்வதேசத் திரைப்பட விழா. டாகூர் தியேட்டர் வாசலில் நீண்ட வரிசை. இடம் கிடைக்காதவர்கள் சத்தம் போட்டார்கள். படம், லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. மம்மூட்டி நடித்த மலையாளப் படம். தலைப்பு மட்டும் இரண்டு மொழிக்கும் பொது. இடம் கிடைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு பிரச்சினை: நடந்ததெல்லாம் கனவா, நிஜமா?

வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளம் திரும்பும் கூட்டத்தில் ஒருவர் ஜேம்ஸ். நாடகக் குழு நடத்துபவர். தமிழ்நாட்டுச் சாப்பாடு அவருக்குப் பிடிக்காது. தமிழ்ப் பாட்டும் ஆகாது. மதிய உணவுக்குப் பின் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல்வழியே நடந்து, அறியாத கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். கொடியில் கிடக்கும் லுங்கியை எடுத்துக் கட்டுகிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். பேசுவது சரளமான தமிழ். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன அந்த வீட்டுக்காரர் சுந்தரமாகவே ஆகிவிடுகிறார்! ஊரில் எல்லாம் அவருக்கு அத்துப்படி. இடைப்பட்ட காலத்தில் நடந்தது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் உறங்கி எழும்போது அவர் பழைய ஜேம்ஸ். கூட்டம் புறப்பட்டுவிடுகிறது. ஜேம்ஸ் கண்ட கனவா? சுந்தரத்தின் ஆவியா? நாடகக்காரரின் நாடகமா? படம் பதில் சொல்வதில்லை. தொடக்கத்தில் விடுதிக்காரர் ஒருவர், உறக்கத்தையும் சாவையும் ஒப்பிடும் 339ஆம் குறளுக்கு ஜேம்ஸிடம் விளக்கம் சொல்வதோடு சரி. தனியாகப் பின்னணி இசை கிடையாது. டிவியிலும் ரேடியோவிலும் ஓயாமல் ஒலிக்கும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும்தான் இசை. தேனி ஈஸ்வரின் கேமராவும் பெரும்பாலும் அசையாமல் நின்று பார்க்கிறது.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ராஜ்யத்தில் இருந்தது. அந்த ஊருக்கு மொழி தாண்டுவது புதிதல்ல. விழாவில் ரசிகர்களின் ஓட்டு இந்தப் படத்துக்கே விழுந்தது. 2022க்கான கேரள அரசு விருதுகளில் சிறந்த படமும் இதுதான். சிறந்த நடிகர் மம்மூட்டி.

ஆனால் கனவா நிஜமா என்ற விவாதத்தில் ஒருத்தி மறந்துபோகிறாள். சுந்தரத்தின் மனைவி பூங்குழலி. ரம்யா பாண்டியனுக்கு வசனம் குறைவு. அதிகம் பேசுவது முகம்தான். வந்தவர் தன் கணவர் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. பேச்சும் நடையும் அவருடையவை. உள்ளே வா என்பதா, வெளியே போ என்பதா? வாசலில் ஜேம்ஸின் மனைவியும் மகனும் அழுதுகொண்டு காத்திருக்கிறார்கள்.

ஜேம்ஸுக்கு அது ஒரு மதிய மயக்கம். விழித்தால் தீர்ந்தது. கணவர் இறந்தார் என்று அழவும் வழியில்லாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் இருந்தவளுக்கு அவர் ஒருநாள் திரும்பிவந்தார். மறுநாள் மீண்டும் போய்விட்டார். சுந்தரம் எங்கே என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. முடிவு புரியவில்லை என்று குறைப்படும் ரசிகர்கள் அவளை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகளாக அவளுக்கும்தான் புரியவில்லை.